பிடி

டோக்கன் நாற்பத்தொன்று, பவுனம்மா.
உள்ளே, சுவரில் நுரையீரல் படம்,
பக்கத்தில் போன வருஷத்துக் காலண்டர்.
ரூபஸ்ரீ மேடத்துக்கு என் மகள் வயதிருக்கும்,
மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால்.

'பூவை மோந்து பாருங்க' என்றார் அரைத் தமிழில்,
'அப்புறம் மெழுகுவத்தி. அணைக்கக் கூடாது,
சுடர் மட்டும் ஆடணும்.'
எனக்குச் சிரிப்பு வந்து இருமலாகி
அது அடங்க ஐந்து நிமிஷம்.

மேடம்,
இருபத்தாறு வருஷம் நான் பூவைத்தான் மோந்தேன்.
ஸ்ரீராமபுரத்து ஷெட்டில்
நீலக் கேனில் மல்லிகை வரும்,
வெள்ளைக் கேனில் தாழம்பூ.
கரித்தூள் பிசைந்த கையால் நாளுக்கு நாலாயிரம் ஊதுவத்தி.
ரோஜா வந்த அன்று மூக்கில் ரத்தமும் வரும்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
பாதி வாக்கியத்துக்கே மூச்சு கணக்குக் கேட்கும்.
'பூ வேண்டாம் மேடம், ரசம் வச்சுக்கலாமா?'
சரி என்றார்.

என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்து
'உசிரு பிடி' என்றார்.
பிடித்தேன்.
அவர் பதறி 'பிடி, பிடி' என்கிறார்,
நான் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன்.
நாற்பது வருஷமாய் இந்த ஊர்,
கன்னடம் தெரியாதவளா நான்?
பயத்தில் காது மட்டும் தமிழுக்குத் திரும்பிவிட்டது.
அவர் பிடி என்றால் விடு.
மெத்தென்ற பி அது.
எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து.
'உசிரை விடு' என்று தமிழில் சொல்லியிருந்தால்
எழுந்து வீட்டுக்கே போயிருப்பேன்.

ராத்திரி இரண்டரைக்கு வந்தது.
மார்கழிக் குளிர், எங்கோ குப்பை எரிக்கும் நெடி,
நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை இறக்கினாற்போல.
பம்ப்பை இரண்டு இழுப்பு இழுத்துக்
கட்டிலோரம் உட்கார்ந்தேன்.
மடியில் தலையணை, அதன்மேல் முழங்கை.
காதுவரை ஏறிய தோளை
இறங்கு என்றேன். இறங்கவில்லை.
கால்விரலை மடக்கி, விடு.
கெண்டைக்காலை முறுக்கி, விடு.
பல்லைக் கடித்திருந்தேன், அதையும்.
வலது உள்ளங்கை மட்டும் கேட்கவில்லை,
குச்சி உருட்டும் வாகிலேயே நின்றது.
வேலை விட்டு ஏழு வருஷமானதை
அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

'ஆட்டோ பிடிக்கவா?'
தெய்வசிகாமணி எழுந்துவிட்டார்.
ஒரு விரலைக் காட்டினேன். இரு.

உதட்டைக் குவித்தேன்,
கொதிக்கிற டீயை ஊதுகிற மாதிரி.
இரண்டு எண்ணி உள்ளே, நாலு எண்ணி வெளியே.
நாலாயிரம் எண்ணியவளுக்கு
நாலு வரவில்லை. மூன்றிலேயே தீர்ந்தது.
திரும்ப.
தூண்மேல் மெட்ரோப் பாதை வெறுமையாகக் கிடந்தது.
திரும்ப.
பதினேழிலோ பதினெட்டிலோ
தோள் ஒரு விரற்கடை இறங்கியது,
மூட்டையில் கொஞ்சம் அரிசி சிந்தினாற்போல.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவரும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்.
அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது.
சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்,
கையில் ஆட்டோவுக்கு எடுத்த இருநூறு ரூபாய்
ஒவ்வொரு ஊதலுக்கும் ஆடியது.