பாதத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி

மணி மூன்று நாற்பது.
யீஷுனில் முதல் ரயில் இன்னும் எழவில்லை.
இருபத்து மூன்றாம் கட்டிலில் அழைப்பு விளக்கு.
"மிஸ்ஸி, காக்கி செஜோக்."
பித்தப்பைக் கல்லுக்காக வந்த மிஸ்டர் குவெக்.
முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவர்.
பிரேக் மிதித்த வலது கால்
குளிர்கிறதாம்.

தொடுவதற்கு முன் பார் என்பது பாடம்.
போர்வையை விலக்கி இரண்டையும் பார்க்கிறேன்.
இடது பாதம் எப்போதும்போல்.
வலது,
அணைந்த மெழுகுவர்த்தியின் வெண்மை.
புறங்கையை முழங்காலிலிருந்து இறக்குகிறேன்.
கெண்டைக்கால் நடுவில் சூடு நின்றுவிடுகிறது,
அங்கே யாரோ கோடு கிழித்து
அப்பால் வராதே என்றதுபோல.

பெருவிரல் நகத்தை அழுத்தி விடுகிறேன்.
ஒன்று. இரண்டு.
சிவப்பு திரும்பியிருக்க வேண்டும்.
மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.
எண்ணுவதை நிறுத்தியது நான்தான்.

இதயத்துக்குப் போனேன்.
ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி
இடப்பக்கம், ஐந்தாம் விலா இடுக்கில் வைத்தேன்.
லப் டப். லப்டப் லப்டப்.
பிறகு நீண்ட ஓய்வு,
ஏற ஆளில்லாத நிறுத்தத்தில் கதவைத் திறந்து வைத்ததுபோல்.
பிறகு மூன்று நிறுத்தங்களைத் தாண்டி ஒரே ஓட்டம்.
நேரம் தவறாமல் வண்டி விட்டவருக்கு
இப்படி ஓர் இதயம்.

மறுபடி கால்.
பாதத்தின் மேல், தசைநாணுக்குப் பக்கத்தில்
மூன்று விரல்கள்.
"அடா?" என்கிறார்.
அவர் மலாயில் அது இருக்கிறதா.
என் தமிழில் அது வியப்பு.

இருந்தது!
விரல் நுனியில், தெளிவாக, சீராக,
சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல்.
அடா என்று சொல்லத் திறந்த வாயை
மூடிக்கொண்டேன்.
சீராகவா?
தட்டுத் தடுமாறும் நெஞ்சிலிருந்து
இத்தனை ஒழுங்கு எப்படி இறங்கி வரும்?
இடக்கையால் என் கழுத்தைத் தொட்டேன்.
இரண்டும் ஒன்று.
அவர் பாதத்தில் நான் பிடித்திருந்தது
என் நாடி.

நாடி என்றால் தேடி என்றும் பொருள்.
தேடிப்போன இடத்தில் தேடியவளே இருந்தாள்.
கோயிலில் சொன்னால் இது ஞானம்.
வார்டில் இது பிழை,
எழுதி வைத்திருந்தால்
ஒரு கால் போகும்.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.
இல்லை என்பதற்குள் ஒரு கதவைத்
திறந்து வைத்திருக்கும் சொல்.

டாக்டர் நூருல் எடுத்தது இரண்டாம் மணியில்.
அவர் வருவதற்குள் டாப்ளர் கருவி, ஜெல்.
பாதத்தின் மேல் வெறும் இரைச்சல்.
கணுக்காலின் உட்புறம், எலும்புக்குப் பின்னால்
ஊர்ந்து ஊர்ந்து தேடினேன்.
மழை நின்ற பிறகு தூரத்துச் சாலையில் டயர் போவதுபோல்
ஷ்ஷ்.
ஷ். ஷ்ஷ்.
ஒழுங்கே இல்லை.
அதனால்தான் நம்பினேன். அது அவருடையது.

தோலில் எழுதும் பேனாவால்
அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்,
அடுத்து வரும் கை அலையாமலிருக்க.
பாதத்தின் மேல், ஏமாந்த இடத்தில்
ஒரு சுழி.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினோம்.
லிஃப்ட் கதவு மூடும்போது
முகக்கவசத்துக்குள்ளிருந்து மறுபடி: "அடா?"
"அடா, அங்கிள். சிகிட்."
கொஞ்சம்.

திரும்பி வந்து கை கழுவுகிறேன்.
பேனாவின் மூடி இன்னும் என் சட்டைப் பையில்.
பேனா அவரோடு போய்விட்டது.