அறை ஏழு, ஆறு முதல் ஏழரை

பிலிப்பினோ சபை எழுந்துபோன
நாற்காலிகளில் இன்னும் சூடு இருந்தது.
ரூவியில் வெள்ளிக்கிழமை,
ஒன்றரை மணி நேரம் அறை எங்களுக்கு.

‘நமக்குள்ளே வாசம்பண்ணினார்’
வாசித்தேன்.
கிரேக்கத்தில் அது கூடாரம் போட்டார் என்றாள் அக்கின்யி.
பகலில் பல் ஆஸ்பத்திரி, மாலையில் யோவான் அவளுக்கு.

சாரம் கட்டும் தாசையன்
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல்,
‘கூடாரம்னா கேம்புதானே.
அறைக்கு எட்டுப் பேரு.
அவருக்கு மேல்கட்டிலா, கீழ்க்கட்டிலா?’

வாசத்துக்குத் தமிழில்
இன்னொரு பொருளும் உண்டு.
ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார்.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.
சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
அந்த எட்டுப் பேரில்
மூன்று மாதமாக யார் யாருக்கு வரவில்லை என்று
என் கணினிக்குத் தெரியும்.

பையில் என் கட்டுரை:
‘நம் சூழலில் மாம்சமாதல்’, எண்ணூறு சொல்.
அறுநூற்றைம்பது முடித்துவிட்டேன்.
லத்தீன் அமெரிக்காவிலிருந்து இரண்டு மேற்கோள்,
கொரியாவிலிருந்து ஒன்று.
வாடி கபீரிலிருந்து ஒன்றுமில்லை.

ஏழரைக்கு அம்ஹாரிக் சபை கதவைத் தட்டியது.
பலகையை அழித்தேன்.
கூடாரம் மட்டும் மை ஊறிப் போகவில்லை;
அதன் மேலேயே பாட்டு எண் எழுதினார்கள்.

தாசையன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
‘அண்ணே, உங்க பத்தாக்கா நம்பர் சொல்லுங்க.’
‘எதுக்கு மக்கா?’

கட்டுரைக்கு
என்று சொல்லிவிட்டேன்.