இரண்டாம் நிரல்

கிண்ணியா, பைசல் நகர், ஏ. எல். நஸ்லியா
எங்கள் கந்தோருக்கு எழுதியிருந்தா:
"போன வருஷம் ஐந்து ரூபா மிச்சம் தராத
மூதூர் பஸ்ஸுக்குத் தண்டம் போட்டீர்கள்.
சீனக்குடாவில் என்னை ஏற்றாமல் போன
பன்னிரண்டு சீட் விமானத்துக்கும் போடுங்கள்.
விசா நேர்முகம் தவறிப்போச்சு.
டிக்கெட் காசும் வரேல்ல.
கொழும்பு நம்பரை அடித்தால்
பாட்டு மட்டும் கேட்குது."

கோடு போட்ட தாள். நீல மை.
டிக்கெட்டின் பிரதி, குண்டூசியில்.

சட்டப்பிரிவில் சாருகேசன்
ஒன்பதாம் அட்டவணையை விரித்தார்.
முதலாம் நிரலில் விரல் ஊர்ந்தது:
தெரு, பாலம், பாதைப்படகு,
வீதியால் போகிற பயணிகள்.
பிறகு தாளைப் புரட்டி,
"ஆகாயம் இதுக்குள்ள. எங்கட இல்ல" என்றார்,
தேத்தண்ணியில் விழுந்த எறும்பை எடுத்தபடி.

எவ்வளவு உயரத்தில் தொடங்குது சேர்?

பகிடி என்று சிரித்தார்.

மார்ச்சில் ஒரு கடிதம் வந்ததே,
ஓடுபாதைக்கு நேரே நின்ற தென்னையைத் தறிக்கச் சொல்லி.
அடி எங்கள் பிரதேச சபை நிலத்தில்,
வட்டு அவர்களுடைய வானத்தில்.
குரும்பையோடு தறித்தோம்.
அன்றைக்கு எவரும் நிரலைப் புரட்டவில்லை.

மத்தியானம் பஸ் நிலையத்தில் நின்றேன்.
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த பற்றுச்சீட்டை மென்றது.
மானும் எங்களுடையதல்ல,
அது வனசீவராசிகள் திணைக்களம்.
அது மிச்சம் விட்ட குப்பை எங்களுடையது.
தலைக்கு மேலே சின்ன வெள்ளை விமானம்
தாழ்ந்து சீனக்குடாப் பக்கம் போனது.
அதன் நிழல் மட்டும்
மாகாண வீதியில் அனுமதி இல்லாமல் ஓடிற்று.

"தங்கள் முறைப்பாடு எமது நியாயாதிக்கத்துக்கு
அப்பாற்பட்டது" என்று தட்டினேன்.
அழித்தேன். திரும்பவும் தட்டினேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, வேன்.
டவுனிலிருந்து விமானப் பயணிகளை ஏற்றிப்போகிற
கம்பெனி வேன்.
சக்கரம் நாலும் எங்கள் தாரில்.
பேர்மிட் இல்லை.

மறுநாள் மட்டிக்களிச் சந்தியில் மறித்தோம்.
தண்டம் எழுதும்போது
என் கையெழுத்து வழமையைவிட அழகாக விழுந்தது.
பிரதியை நஸ்லியாவுக்கு அனுப்பினேன்:
எங்களால் இயன்றது இது.

பத்தாம் நாள் பதில் வந்தது.
அதே கோடு போட்ட தாள்:
"விமானம் இண்டைக்கும் பறக்குது.
கம்பெனி தண்டத்தைச் சம்பளத்தில் வெட்டிப்போட்டுது.
அந்த வேன் ஓடுறது
என்ட மச்சான்."