பதினான்காம் கேள்வி, ஆ பிரிவு

மே மாதம். கும்பகோணம் கல்லூரி.
ஜன்னலுக்கு வெளியே காவிரி என்று சொல்லப்படும் மணல்.
இரண்டு பையன்கள் அதில் ஸ்டம்ப் நட்டிருக்கிறார்கள்.
உள்ளே நாங்கள் நாற்பது பேர், சிவப்புப் பேனா,
காலையில் முப்பது தாள், மதியம் முப்பது.
டீ மட்டும் இலவசம்.

‘அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் தலைவர் ஒருவரின்
பொதுவாழ்வை மதிப்பிடுக.’ பத்து மதிப்பெண்.

காலையிலிருந்து போரை ஜெயித்த பிரதமர்
பதினெட்டு தாளில் தேர்தலில் தோற்றுவிட்டார்.
ஒரு தாளில் அவர் சுருட்டை மட்டும் வரைந்திருந்தது,
ஆள் இல்லை.
சமாதானம் என்று காகிதத்தை ஆட்டியவர் வந்தார்.
‘அதில் என்ன எழுதியிருந்தது என்று சரியாக நினைவில்லை’
என்று எழுதியவனுக்கு
நேர்மைக்காக அரை மார்க்.
ராஜினாமா செய்த ஜனாதிபதி
ஒரு தாளில் ஹெலிகாப்டரில் ஏறினார்,
அடுத்த தாளில் ஆம்புலன்சில்.

நான் கௌரவ விரிவுரையாளர்.
மார்ச் மாத கௌரவம் இன்னும் வங்கிக்கு வரவில்லை.
பதினோரு வருடமாக வெஸ்ட்மின்ஸ்டர் நடத்துகிறேன்,
திருச்சி ஏர்போர்ட்டைத் தாண்டியதில்லை.

பிறகு டம்மி நம்பர் 40717.
காகிதத்துக்கு வாடகை கொடுப்பவள் போல
இடமே விடாத எழுத்து.

‘ஆறாவது ஜனாதிபதி மறுதேர்தலில் தோற்றார்.
வீட்டில் உட்காரவில்லை.
இரண்டு வருடம் கழித்து சாதாரண உறுப்பினராகச் சபைக்கு வந்தார்,
பதினேழு வருடம் இருந்தார்.
அடிமை முறையை எதிர்க்கும் மனுக்களை எடுக்கக் கூடாது என்று
சபை விதி போட்டது.
அவர் மறுபடி மறுபடி எழுந்தார்.
கடைசியில் சபையிலேயே விழுந்தார்.’

விடைக் குறிப்பில் இவர் இல்லை.
நான் நடத்தியதும் இல்லை.

பத்தி பிரிக்காமல் தொடர்கிறது:

‘எங்கள் ஊராட்சி முன்னாள் தலைவர் தையல்நாயகியும் அவ்வாறே.
ஐந்து வருடம் காசோலையில் கையெழுத்து அவருடையது,
பேனா துணைத்தலைவருடையது.
நான்காம் வருடம் சொந்தப் பேனா வாங்கினார்.
அடுத்த முறை ஊராட்சி பொதுப் பிரிவுக்குப் போனது.
ரோஸ் சீட்டில் நின்றவர் வெள்ளைச் சீட்டில் நின்றார்,
ஆறாவது வார்டு, கட்டில் சின்னம், ஏழு ஓட்டு வித்தியாசம்.
கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே மனு:
சுடுகாட்டுப் பாதையில் வாய்க்காலுக்குப் பாலம்.
ஐப்பசியில் எங்கள் தெருப் பிணம்
இடுப்பளவு தண்ணீரில் போகிறது.
தீர்மானப் புத்தகத்தில் “இதர” என்று எழுதுகிறார்கள்.
நடவு நாளாகப் பார்த்துக் கூட்டம் வைக்கிறார்கள்.
அவர் சேற்றுக் காலோடு வருகிறார்.
இருவரையும் ஒப்பிடுக என்று கேள்வியில் இல்லை.
இருந்தாலும்.’

இருந்தாலும் என்று முடித்து
அடியில் கோடு போட்டிருந்தாள்.
அவள் என்று எனக்கு யார் சொன்னது?
டம்மி நம்பரில் ஆண் பெண் கிடையாது.
தெருவும் கிடையாது.

எட்டு போட்டுச் சுழித்தேன்.
தலைமைத் திருத்துநர் இருதயசாமி சார்
பச்சைப் பேனாவோடு குனிந்தார்.
‘பாதி விடை சிலபஸிலேயே இல்லையே மேடம்.’
ஐந்தாக்கினார்.

எனக்கு என்ன வந்ததோ,
தாளை எடுத்துக்கொண்டு எழுந்து
‘எங்கள் ஊராட்சி முன்னாள் தலைவர்’ என்று
உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.
ஃபேன் சத்தம். நாலைந்து பேர் திரும்பினார்கள்.
“இதர” வரைக்கும் வந்தபோது
டீ வந்துவிட்டது.

சார் கிளாஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
‘எந்த ஊராம்?’
எழுதவில்லை சார்.
‘எங்கள் ஊரிலும் ஒரு வாய்க்கால் உண்டு’ என்றார்.
ஐந்தை அடித்து ஏழாக்கி
சின்னதாக இனிஷியல் வைத்தார்.

மொத்தம் நாற்பத்தொன்று. பாஸ்.
பாலத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

வெளியே பையன்கள் அவுட்டா இல்லையா என்று
மணலில் சண்டை போடுகிறார்கள்.
அடுத்த தாளைப் பிரித்தேன்.
போரை ஜெயித்தவர் மறுபடி
தோற்கத் தொடங்கியிருந்தார்.