படல்

ஏ, கே, வி, ஈ, எஸ், ஹெச்,
சி, எம், ஆர், பி, பி, எஃப்.
இரண்டு பி. தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது.
அறுபதுக்கு இருபது மீட்டர் மணலில்
பதினெட்டு வருஷமாய்
இந்தப் பன்னிரண்டு எழுத்துக்குள் சுற்றி வந்தேன்.
ஏன் இந்த வரிசை என்றால்
நடுவர்களும் சிரிப்பார்கள்.

என் குதிரைக்கு மின்வெட்டு என்று பேர்.
கிண்டியில் ஓடிய காலத்தில்
கடைசி இருநூறு மீட்டரில் அணைந்துபோவாள்.
கூத்தாநல்லூரில் வண்டியிலிருந்து இறக்கியபோது
"ராவுத்தர் வீட்டுக்குக் குதிரை வந்திருச்சு" என்று
தெருவே கூடிவிட்டது.
பெயரில் மட்டும்தான் குதிரை எங்களுக்கு.
அத்தாவும் சின்னத்தாவும் ஏறியதெல்லாம்
பினாங்குக் கப்பல், டி.வி.எஸ். ஐம்பது.

டிரெஸாஜ் பழகினாள்.
நின்ற இடத்தில் காலெடுப்பாள்,
கால்மேல் கால் மாற்றிக்
கே-யிலிருந்து எக்ஸ் வரை மிதப்பாள்.
பெங்களூரில் அறுபத்து மூன்று சதவீதம்.
"நேர்த்தி உண்டு. நோக்கம்?" என்று
ஒரு நடுவர் பென்சிலில் எழுதி
கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தியிருந்தார்.

பங்குனி. சம்பா அறுத்த தரை.
நீடாமங்கலத்து மாட்டு டாக்டர் அமலோற்பவம்
போன் செய்தார்:
"போர்ச்சுகல் பக்கம் மாடு மேய்க்கிற வேலையையே
போட்டியாக்கிட்டாங்க.
வொர்க்கிங் ஈக்விடேஷனாம்.
வெண்ணாத்தங்கரையில கட்டி வெச்சிருக்கேன், வாங்க."

மூன்று டீசல் பீப்பாய், ஒன்றில் சாய்த்த மூங்கில் கழி.
வறண்ட வாய்க்கால் மேல் பலகைப் பாலம்.
முளைக்கம்பில் ஐஸ் வண்டி மணி.
மேசையில் தளும்பத் தளும்ப ஒரு செம்பு.
கடைசியில் படல்.
அது மட்டும் நிஜம்,
முள்வேலிக்கு அப்பால் அடுத்த வயலுக்கு வழி.
எங்கேயும் எழுத்து இல்லை.
நான் வெள்ளைக் கையுறையோடு போயிருந்தேன்.

"ஒரு கையிலதான் கடிவாளம்.
இன்னொண்ணு வேலைக்கு."
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான்
யோசிக்கவே பழகியவள் நான்.
செம்பைத் தூக்கினேன், பாதி என் மடியில்.
மணி அடித்ததும் பின்வாங்கிப் பீப்பாயை உருட்டினாள்.
வளையத்தைக் கோர்க்க வேண்டிய கழி
மண்ணைக் கோர்த்து நின்றது.
பாலத்தை மட்டும் முகர்ந்து பார்த்து ஏறினாள்.
பலகையின் தடதடப்பு பிடித்துப்போய்
திரும்பி வந்து
மறுபடி ஏறினாள், நான் கேட்காமலே.

படலில் மாட்டிக்கொண்டோம்.
கயிற்றுக் கண்ணி கைக்கு எட்ட
இடப்பக்கம் ஒரு சாண் வர வேண்டும்.
ஒரே ஒரு சாண்.
மைதானம் முழுக்கக் குறுக்கே மிதப்பவள்
அந்தச் சாணுக்கு வரவில்லை.
காலால் அழுத்தினேன்.
கழுத்து வளைத்து, நுரை ததும்ப,
முழு மதிப்பெண் நடையில்
முன்னே போய்விட்டாள்.
படல் அதன் இடத்தில் இருந்தது.

வாத்துகள் வந்தன.
சிந்திய நெல் பொறுக்க நானூறு வாத்து,
பின்னால் கோலும் கையுமாய் ஒரு பையன்.
"யக்கா, தொறங்க. இதுங்க நிக்காது."

மின்வெட்டு வாத்துகளைப் பார்த்தாள்.
படலைப் பார்த்தாள்.
பிறகு, சத்தியமாய்,
நீட்டிய என் கையைப் பார்த்தாள்.
ஓர் அடி. குறுக்கே.
என் கால் தொட்டதா, மூச்சுத்தான் விட்டேனா,
இன்றுவரை தெரியாது.
கண்ணி கழன்றது.
படலைப் பிடித்தபடி அவளோடு சுழன்றேன்,
குளம்புக்கும் குளம்புக்கும் நடுவே
கத்திக்கொண்டே போயின அத்தனையும்.
அதே பிடியில் பின்வாங்கி மூடினோம்.

இதற்கா, என்று இருந்தது.
கே-யிலிருந்து எக்ஸ் வரை
அத்தனை ஆயிரம் முறை
இதற்கா.
கேட்கும்போதே சிரித்திருக்கிறேன் போல,
டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"நேரம் குறிக்க மறந்துட்டேன்" என்றார்.
அடுத்த ஞாயிறு எருமைக்கன்று பிரிக்கலாமாம்.

கையுறை கயிற்றில் கிழிந்திருந்தது.
மடியில் இன்னும் ஈரம்.
மின்வெட்டின் காது மட்டும் திரும்பவே இல்லை.
பார்த்தேன்:
வேலிக்கு இந்தப் பக்கம்
ஒரு வாத்து தங்கிவிட்டது.

நான் இறங்கவில்லை.
கண்ணிக்குக் கை நீட்டினேன்.