விலாவில் எழுதிய எண்

காலை ஆறு மணி வானொலி
நான்காம் தரம் என்கிறது. நேற்று இரண்டு என்றது.
வானமோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல.
வளைகுடாப் பக்கம் மட்டும் ஒரு மஞ்சள்,
ஆறிவரும் ரத்தக்கட்டைச் சுற்றி இருக்குமே,
அந்த மஞ்சள்.

யூலிஸ் கிட்ரி கயிற்றுச் சுருளோடு வந்துவிட்டான்.
தகரம், பீப்பாய், ஏணி,
பறக்கக்கூடியது எல்லாவற்றையும் கட்டு என்றேன்.
"பறக்காதது எது, மிஸ் கொரீன்?"
எனக்குத் தெரியவில்லை.
அவன் கட்டிக்கொண்டே இருந்தான்.

தொட்டிகளை விளிம்புவரை நிரப்பினேன்.
வெள்ளத்துக்குப் பிறகு எங்கும் தண்ணீர், எல்லாம் உப்பு.
போன புயலில் எங்கள் மாடுகளில் பாதி
மூழ்கிச் சாகவில்லை.
மூன்றாம் நாள், முழங்கால் ஆழத்தில் நின்றபடி,
கடலைக் குடித்துச் செத்தன.

கொட்டகைக் கதவுகளை
அடைக்கவில்லை, திறந்து கட்டினோம்.
உள்வேலிக் கம்பிகளை யூலிஸ் வெட்டினான்.
ஒவ்வொரு வெட்டுக்கும் கம்பி
விருட்டென்று சுருண்டு புல்லுக்குள் ஓடியது.
இருபத்தாறு வருடம் ஒட்டுப்போட்ட வேலி.
ஓக் மேட்டுக்குப் போகும் கேட்டை நானே திறந்தேன்.
செனட்டர், எங்கள் திமில் காளை,
கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகரவில்லை.
திறந்த கேட்டுக்குப் பின்னால்
அவனுக்கு எப்போதும் ஊசிதான் இருந்திருக்கிறது.

பிறகு சாயம்.
நெருக்குக் கூண்டில் ஒவ்வொன்றாக ஏற்றி
விலாவில் தொலைபேசி எண் எழுத வேண்டும்.
செவலைக்கு வெள்ளை, மயிலைக்கு ஆரஞ்சு.
எட்டைச் சுழிக்கும்போது தோல் சிலிர்க்கிறது;
ஈ என்று வாலை வீசுகிறது மாடு.
என் கன்னத்தில் அரை எட்டு.

பதினோராவது மாட்டில், மூன்று இலக்கத்தோடு
கை நின்றது.
நான் எழுதிக்கொண்டிருந்தது வீட்டு எண்.
சமையலறைச் சுவரில், உப்பு ஜாடிக்கு மேலே
தொங்கும் பச்சைத் தொலைபேசி.
எங்கோ கரையேறிய என் மாட்டைப் பார்த்து
யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கூப்பிடுவான்.
மணி அடிக்க
முதலில் சுவர் வேண்டும்.

கைப்பேசியா? லூயிசியானாவின் இந்த ஓரத்தில்
கோபுரங்கள்தான் முதலில் விழும்.
போன முறை பதினேழு நாள் ஊமை.
வடக்கே, மேட்டு நிலத்தில்,
எனக்கு மனப்பாடமான எண் ஒன்றே ஒன்று.
ஒதீல்.
அப்பாவின் மந்தையைப் பிரித்த அன்று
சினைமாடு இரண்டை நான் ஒளித்தேன் என்று
வக்கீல் முன்னால் சொன்ன என் அக்கா.
ஒளித்தது ஒன்றைத்தான்.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.

முதல் மூன்று இலக்கம் அவளுக்கும் எனக்கும் ஒன்றே.
மிச்சம் ஏழை அவளுடையதாக எழுதினேன்.
யூலிஸ் பார்த்தான், கேட்கவில்லை.
அவனுக்கும் குடும்பம் உண்டு.
முப்பத்து மூன்று விலாக்களில் என் அக்கா
சேற்றில் அசைந்து அசைந்து
மேட்டைப் பார்க்க நடந்துபோனாள்.
இடையில் வந்த ஒரு கிடாரி
நான் ஒளித்த மாட்டின் பேத்தி.
அதற்குக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

மூன்று மணிக்குக் காற்று திசை மாறியது.
நேற்று ஈன்ற கன்றை வண்டியின் முன்னிருக்கையில் ஏற்றினோம்,
தாயைப் பின்னால் டிரெய்லரில்.
முதல் பத்து மாடுகளுக்கு
மாற்றி எழுதச் சாயம் போதாது.
அவை வீட்டை நம்பிப் போயிருக்கின்றன.
செனட்டர் மட்டும் இன்னும் கேட்டருகில்,
காதுகளைத் தெற்கே திருப்பிக்கொண்டு.

டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே குண்டு உருண்டது. அடியில் ஏதோ கொஞ்சம்.
சட்டைக் கையைச் சுருட்டி முன்கையை நீட்டினேன்.
"எழுது, யூலிஸ்."
"எந்த எண்?"
சொல்லச் சொல்ல எழுதினான்.
குளிர்ந்தது. என் தோலும் சிலிர்த்தது, மாட்டைப் போலவே.
கடைசி இலக்கத்துக்கு
டப்பா வெறும் காற்றைச் சீறியது.

"ஏழு" என்றேன்.
"நீ ஞாபகம் வைத்துக்கொள்."