எத்தனையாம் நம்பர்

"இருமுங்க" என்றார் டொக்டர் விதானகே.
இருமினேன்.
விரலை எடுக்காமலே சொன்னார்:
"ஓட்ட இருக்கு. குடல் எட்டிப் பாக்குது.
தைச்சா மட்டும் நிக்காது. வலை வைக்கணும்."

இருபத்திரண்டு வருசம் ஸ்டோரில்
சல்லடை மெசினோடு நின்றவன் வேறென்ன கேட்பான்?
"எத்தனையாம் நம்பர், ஐயா?"

அவர் சிரித்தார்.
பன்னிரண்டில் விழும் தூள் வேறு, பதினாறில் வேறு,
முப்பதில் இறங்குவது டஸ்ட்.
ஒரு கம்பி அறுந்தாலும் ஏலத்தில் விலை விழும்.
நம்பர் தெரியாமல்
எதையும் மாட்டியதில்லை நான்.

ஸ்டோருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை என்றானதும்
உரம் இறக்க அனுப்பினார்கள்.
ஐம்பது கிலோ யூரியா, லொறியிலிருந்து தோளுக்கு,
தோளோடு நாலாம் நம்பர் மலைக்கு.
ஒரு புதன்கிழமை, பதினேழாவது மூட்டையில்
உள்ளே ஏதோ விலகிக்கொண்டது,
சத்தமே போடாமல்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் வலை முடிந்துவிட்டதாம்.
சீட்டோடு தனபாக்கியம் ஹட்டனுக்குப் போய்
மூன்று பார்மசி ஏறி இறங்கி நாலாவதில் வாங்கினாள்.
தீபாவளி அட்வான்ஸ் அதோடு சரி.
"கொசுவலைத் துண்டாட்டம் இருக்கு,
இதுக்கா இம்புட்டு?"

பக்கத்துக் கட்டில் பையன், ஏ லெவல் சயன்ஸ்,
பெட்டியின் பொடி எழுத்தை வாசித்தான்:
பொலிப்ரொப்பிலீன்.
"அண்ணே, உரப் பேக்கு நெய்யுறதும் இதுலதான்."

கிழித்தவனும் ஒட்டுப்போட வந்தவனும்
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
அன்றிரவு அதை நினைத்துச் சிரிக்கப்போய்
வலி பிடுங்கியது.
லயத்துக் கூரை ஒழுகாமல் விரித்திருப்பதும்
அந்தப் பேக்குதானே.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் திரைக்கு மேலே
இடுக்கியில் தொங்கவிட்டுக் காட்டினார்:
"நம்பர் கேட்டீங்களே, பாருங்க. கண்ணு பெரிசு.
சதை இதுக்குள்ளால வளந்து பிடிக்கணும்."

என் சல்லடைகள் கீழே விடுவதற்கு.
கண்ணில் தூள் சிக்கினால் பிரஷ்ஷால் தட்டிவிடுவோம்.
தேய்ந்தால் கழற்றி
கோழிக்கூட்டுக்கு அடிப்போம்.
இதைக் கழற்ற முடியாதாம்.

இரண்டு மாதமாகிறது. விடியப் பனிக்கு இருமும்போது
கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.
உள்ளே சுள்ளென்று இழுத்தால்
இன்னொரு கண் அடைபடுகிறது என்று வைத்துக்கொள்வேன்.
மொத்தம் எத்தனை கண் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

இன்று புதன்கிழமை. லொறி வந்திருக்கிறது.
என் வரிசையில் இப்போது பரஞ்சோதி,
இருபத்தைந்து வயது, இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறான்.
கூப்பிட்டேன்.
"என்ன மாமா?"
"ஒண்ணுமில்ல.
ஒருக்கா இருமு."